இறந்த தேதி, பதிந்த தேதி

நகராட்சியில் எனக்கு வேலை, செத்தவர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. சுகாதாரப் பிரிவில், ஜன்னலோர மேஜையில், ஒப்பந்த ஊழியராகப் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நடக்கும் சாவை ஆஸ்பத்திரியே பதிந்துவிடும். வீட்டில் நடக்கும் சாவுதான் என் கவுன்ட்டருக்கு வரும். மகனோ மருமகளோ ஒரு பிளாஸ்டிக் கவரில் ஆதார் அட்டை, டாக்டர் கொடுத்த சீட்டு, சுடுகாட்டு ரசீது எல்லாவற்றையும் போட்டு எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஊர் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியது, செங்கல்பட்டு மாவட்டம். பெயரைச் சொன்னால் அடுத்த வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள், அதனால் சொல்லவில்லை.

என் கணவர் வேன் டிரைவர். காலையில் கூடுவாஞ்சேரியில் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கம் வழியாகச் சிறுசேரியிலும் நாவலூரிலும் இறக்கிவிட வேண்டும். மாலையில் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் ஏசி போடலாம். ஆள் இறங்கியதும் அணைத்துவிட வேண்டும் என்பது வேன் முதலாளியின் உத்தரவு. ஆக, இத்தனை வருஷமும் பாதி வழி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபடி அவர் மூச்சு விட்டிருக்கிறார். பீடி, சிகரெட் தொட்டதே கிடையாது. சொன்னால் எந்த டாக்டரும் நம்பமாட்டார். முதல் கேள்வியே "எத்தனை வருஷமா பிடிக்கிறீங்க?" என்பதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் மட்டும் சிரித்துக்கொண்டே, "ரோட்டுல போற அத்தன லாரியும் நான் புடிச்சதுதான் சார்" என்பார்.

நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசினார். கெட்டது கெட்டதுதான், இனி அது சரியாகாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், புகையும் தூசியும் ஆகவே ஆகாது என்றார். "வேன் ஓட்றாரு சார்" என்றேன். "அப்ப வேற வேலை பாருங்க" என்றார், ஏதோ சட்டையை மாற்றச் சொல்வது மாதிரி. ஐம்பத்தொரு வயதில், ஓட்டுவது தவிர ஒன்றும் தெரியாத மனுஷனுக்கு எங்கே போய் வேறு வேலை பார்ப்பது? இன்ஹேலரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அவர் மறுநாளே வண்டி எடுத்தார்.

எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான், அவ்வளவுதான். அந்த டாக்டர் பேசிய நாளிலிருந்து எனக்கு உலகத்தில் ஒரே கவலை, இந்த ஆளைப் புகையில் பறிகொடுக்காமல் வைத்துக்கொள்வது எப்படி என்பது. ராத்திரி அவர் தூங்கும்போது மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். சத்தம் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம்.

எங்கள் பக்கத்தில் புகையைத் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. சாலையில் இருபத்துநாலு மணி நேரமும் வண்டி. கல் உடைக்கிற இடங்களிலிருந்து எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு, தார்ப்பாயை ஒப்புக்கு மூடிக்கொண்டு வருகிற டிப்பர்கள். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் வேறு நிறத்தில் வரும். இதெல்லாம் போதாதென்று ஏரிக்கரையில் குப்பை மேடு. அது அடிக்கடி பற்றிக்கொள்ளும். யார் கொளுத்தினார்கள் என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவனைக் காட்டுவார்கள். தீ வெளியே தெரியாது, உள்ளேயே கனன்று நாலைந்து நாள் புகையும். அங்கே கொட்டுகிற குப்பை என் ஆபீஸ் வண்டியில்தான் போகிறது, எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

இப்போது காலண்டர் விஷயத்துக்கு வருகிறேன். என் தவறு முழுக்க அதில்தான் இருக்கிறது.

மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மளிகைக் கடைக் காலண்டர் தொங்கும். ஒரு சாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்ததும் அன்றைய கட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். சாயங்காலம் சுகாதார ஆய்வாளர் சார் கிளம்பும்போது, "இன்னிக்கு எத்தனை டெத்தும்மா?" என்று கேட்பார். கோட்டை எண்ணிச் சொல்வேன். அவர் கேட்பது எத்தனை பதிவு என்று. ஆனால் எங்கள் பிரிவில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். "நேத்து டெத்தே இல்ல, இன்னிக்குக் குமிஞ்சிடுச்சு" என்போம். எங்களுக்கு ஒருத்தர் சாகிற நாள், அவர் வீட்டு ஆள் கவரோடு கவுன்ட்டருக்கு வருகிற நாள்தான். வேலை அப்படிப் பழக்கிவிட்டது. படிவத்தில் இறந்த தேதி என்று தனியாக ஒரு கட்டம் இருக்கத்தான் செய்கிறது. தினமும் அதை நிரப்புகிறேன். அது கண்ணில் நுழைந்து விரல் வழியாக இறங்கிப் போய்விடும், மண்டையில் ஏறாது.

ரெண்டு வருஷத்துக்கு முந்திய போகியில் எங்கள் பக்கம் அப்படி ஒரு புகை. பாய், டயர், பிளாஸ்டிக் குடம், கிழிந்த சோபா, எதுவும் மிச்சமில்லை. மூடுபனியும் சேர்ந்துகொண்டு, எதிர் வீட்டு விளக்கு தெரியவில்லை. பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்தது, ஒன்றும் விசேஷமில்லை. போகி கழிந்து பதினேழு பதினெட்டு நாள் ஆனதும் கவுன்ட்டரில் கூட்டம் நெருக்கியது. கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் கோடு போட்டேன். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடையில் குப்பை மேடு பற்றி ஐந்து நாள் எரிந்தது. மறுபடி அதே மாதிரி, ரெண்டரை வாரம் கழித்துக் கோடு குவிந்தது. காரணம் என்ற இடத்தில் மாரடைப்பு, வயோதிகம், தூக்கத்தில் உயிர் பிரிந்தது என்று எழுதி வந்தது. புகை என்று ஒருத்தரும் எழுதி வரவில்லை. நான்தான் காலண்டரைப் புரட்டி, புகை சூழ்ந்த நாளுக்குச் சுழி போட்டு, சுழியிலிருந்து கோட்டுக் குவியல் வரை நாளை எண்ணினேன். எண்ணியதும் பயந்துபோனேன். கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு பெருமையும் வந்தது. யாருக்கும் தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

நான் கண்டுபிடித்தது இது. புகை ஆளை உடனே கொல்லாது. உள்ளே போய் உட்கார்ந்து, பதினைந்து நாள் ஊறி, பதினேழாம் நாளுக்கு மேல்தான் அடிக்கும். எனக்கு இது நியாயமாகவே பட்டது. மஞ்சள் காமாலையும் நாய்க்கடியும் நாள் எடுத்துக்கொண்டுதானே வருகின்றன? ஆக, புகை சூழ்ந்தாலும் நமக்கு ரெண்டு வாரம் அவகாசம் இருக்கிறது. அதற்குள் ஆளை நல்ல காற்றுக்குக் கொண்டுபோய்விட்டால் தப்பித்தோம்.

அவரிடம் சொன்னபோது சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அப்போ நீ எமனுக்கே கணக்கப்புள்ள ஆயிட்டேன்னு சொல்லு" என்றார்.

"சிரிக்காதய்யா. நான் சொல்ற நாள்ல நீ கடலோரத்துல இர்க்கணும். அவ்ளோதான்."

"நீ இன்னா சொல்றியோ அதான் மே. எனக்கு இன்னா தெரியும்?" என்றார். அவர் எட்டாவது வரை, நான் பி.காம். எந்த விஷயத்திலும் அவர் என் பேச்சை மீறியதில்லை. அதுவும் இப்போது நெஞ்சில் குத்துகிறது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகிற வழியில் என் தங்கை குடியிருக்கிறாள். கடற்கரை ரிசார்ட் ஒன்றில் அறை துடைக்கிற வேலை. ஒரு ரூம், ஒரு சமையல் மூலை, அவளும் அவள் புருஷனும். அடுத்த முறை குப்பை மேடு புகைந்தபோது, நாள் எண்ணி, பன்னிரண்டாம் நாள் மூன்று நாள் லீவு போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். செங்கல்பட்டில் பஸ் மாறித் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். மதியத்துக்கு மேல் கடல் காற்று எழும்பியதும், இழுத்துப் போட்டிருந்த படகு நிழலில் துண்டை விரித்துப் படுத்தார். ஒரு மணி நேரத்தில் மூச்சின் சீழ்க்கை அடங்கியது. வெளுத்திருந்த உதடு சிவந்தது. தங்கை வைத்த சங்கரா மீன் குழம்பில் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். ஊர் திரும்பி, இருபதாம் நாளும் தாண்டிய பிறகு நான் கோயிலில் சூடம் ஏற்றினேன். அதற்கடுத்த புகையிலும் அப்படியே செய்தோம், அப்படியே தப்பினார். இதைவிட எனக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

இதில் கொடுமை என்னவென்றால், புகை சூழ்ந்த அந்த முதல் மூன்று நாளும் நான் அவரை வேன் எடுக்க விட்டேன். ராத்திரியெல்லாம் இருமுவார், விலா எலும்பு உள்வாங்கும். நான் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன், முதுகைத் தடவுவேன். பயப்படமாட்டேன். நாள் இன்னும் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பேன். கேட்டால் சிரிப்பாக இருக்கும். அந்த மூன்று நாள்தான் நான் நன்றாகத் தூங்கின நாள்.

போன மார்கழியில் குப்பை மேடு மறுபடி பற்றியது. மழையில் ஊறிய குப்பை என்பதால் எரியவும் இல்லை, அணையவும் இல்லை. புகை மேலே போகாமல் பனியோடு தெருவிலேயே உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமை காலை அவர் வேன் எடுத்தார். செவ்வாய்க்கிழமை பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டி, வேறு டிரைவரை வரச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "அக்கா, டிவில காட்றான், உங்க ஊரே தெரில. மாமாவ இப்பவே பஸ் ஏத்தி வுட்ரு. நான் வூட்லதான் கீறேன்."

நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். "அதெல்லாம் இப்போ வேணாம்டி. பன்னெண்டாம் நாளு வந்தாதான் பிரயோஜனம். இப்போவே லீவு போட்டுட்டா அப்பால கேக்க முடியாது." ஒப்பந்த ஆளுக்கு லீவு என்பது கெஞ்சி வாங்குவது. அதைச் சரியான நாளுக்குச் சேர்த்து வைத்திருந்தேன். நான் இல்லாமல் அவர் தனியாகப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். நான்தான் கூடப் போக வேண்டும், நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு.

புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். கவுன்ட்டரில் ஒரு அம்மா கவரோடு நின்றுகொண்டிருந்தார். என் கணவரிடமிருந்து போன் வந்தது.

"மே, இன்னா பண்ணிகினு கீற?"

"என்ட்ரி போட்டுகினு கீறேன். இன்னாய்யா?"

"இன்னிக்குப் போலாமா, தங்கச்சி வூட்டுக்கு?"

"இன்னிக்கு மூணாம் நாளுதான் ஆவுது. இன்னும் டைம் கீது. அடுத்த வாரக் கடைசில போலாம்."

"மூச்சு வர்ல மே."

"இன்ஹேலர ரெண்டு தபா இஸ்துக்கோ. கதவ சாத்திகினு படு. அஞ்சு மணிக்கு வந்துர்றேன்."

இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "சரி, நீ சொன்னா சரியாத்தான் இர்க்கும்" என்றார். நான் போனை வைத்துவிட்டு அந்த அம்மாவின் மாமனாரை ஏற்றினேன், கோடு போட்டேன்.

ஒன்றரை மணிக்கு எங்கள் வாடகை வீட்டு ஓனரம்மா போன் செய்தார். ஆட்டோவில் போனேன். ஜி.எஸ்.டி. சாலையில் அரை மணி நேரம் நின்றோம், சுற்றி எல்லா வண்டியும் உறுமிக்கொண்டு நின்றது. நான் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் சூடு இருந்தது. ஒரு கை பக்கத்திலிருந்த கட்டைப் பையின் மேல் இருந்தது. பையில் ரெண்டு லுங்கி, துண்டு, இன்ஹேலர், மடித்து வைத்த என் புடவை ஒன்று. ஊருக்குப் போக எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்திருக்கிறார். நான் வேண்டாம் என்றதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தெரு முனை கிளினிக் டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு என்று எழுதினார். "புகை சார், புகையிலதான் சார்" என்று அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டேன். பொறுமையான மனுஷர், என் கையை எடுத்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதாம்மா, கடைசியில ஹார்ட்டுதான் நிக்கும்" என்றார். வாய்விட்டு அழக்கூட எனக்கு வரவில்லை. மனசுக்குள் ஒரே கேள்விதான் சுற்றியது. எப்படி? மூன்றாம் நாள்தானே ஆகிறது? என் கணக்குப்படி அவர் சாகவே முடியாதே?

அன்று சுடுகாட்டில் இடமில்லை. இன்னொரு சாவு முன்னால் வந்துவிட்டது, காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஒன்றில்லை, ரெண்டு என்று யாரோ திருத்தினார்கள். அதுவும் என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

பால் ஊற்றினார்கள். பதினாறாம் நாள் காரியம் நடந்தது. உயிரோடு இருந்தபோது மூன்று நாளுக்குக் கெஞ்ச வேண்டியிருந்த லீவை, செத்ததும் யாரும் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். அந்தப் பதினாறு நாளில் பதிவு பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை. வீட்டில் துக்கம் கிடக்கும்போது எவள் போய் கவுன்ட்டரில் நிற்பாள்? காரியம் முடியட்டும், இருபத்தோரு நாளைக்குள் பதிந்தால் போதும் என்று எல்லோரையும் போலத்தான் நானும் இருந்தேன்.

பதினெட்டாம் நாள் ஆபீஸ் போனேன். கவுன்ட்டருக்கு முன்னால் வாசல் வரை கூட்டம். ஆய்வாளர் சார், "மெதுவாப் பண்ணும்மா, முடியலன்னா கிளம்பு" என்றார். நான் முதலில் என் கணவரை ஏற்றினேன். பெயர், வயது, தொழில். காரணம், மாரடைப்பு. விரல் தானாக ஓடியது. முடித்ததும், பதினோரு வருஷப் பழக்கம், கை பென்சிலை எடுத்து அன்றைய கட்டத்தில் ஒரு கோடு போட்டது.

வரிசையில் முதலில் நின்ற பெண் எங்கள் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி இருப்பவள். என்னைப் பார்த்ததும் கண் கலங்கினாள். "மேடம், எங்க மாமியாரும் உங்க வூட்டுக்காரர் போன அன்னிக்கேதான். உங்களுக்கு முன்னாடி சுடுகாட்டுல நின்னது நாங்கதான்."

"ஏன் இவ்ளோ நாள் கழிச்சு வர்றீங்க?" என்று கேட்டேன். வாயில் வந்துவிட்டது.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "காரியம் முடிச்சிட்டுத்தான மேடம் வருவாங்க? நீங்களும் இன்னிக்குத்தான போட்டுகினு கீறீங்க?"

நான் காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடாக இருந்தார். புகை தொடங்கி இருபதாம் நாள். அவர் செத்தது மூன்றாம் நாள்.

அப்புறம் நடந்தது சரியாக நினைவில்லை. வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராக, என்னிக்கு, என்னிக்கு என்று கேட்டிருக்கிறேன். சத்தம் போட்டுக் கேட்டேன் என்று பின்னால் சொன்னார்கள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்றார்கள். எல்லாம் அதே வாரம். கூட்டத்தை நிற்கச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் பழைய பதிவுகளைத் திறந்து, பதிந்த தேதிப்படி இருந்த வரிசையை இறந்த தேதிப்படி மாற்றினேன். ஒரே ஒரு பட்டன். பதினோரு வருஷத்தில் அதை நான் அழுத்தியதே இல்லை. போகிச் சாவுகள் பின்னால் ஓடிப்போய் போகிக்கும் மறுநாளுக்கும் அதற்கு மறுநாளுக்கும் உட்கார்ந்தன. கோடைத் தீயின் சாவுகள் அந்தத் தீ எரிந்த நாட்களிலேயே போய் உட்கார்ந்தன. பதினேழாம் நாளில் ஒரு விசேஷமும் இல்லை. அந்த நாளில் மனிதர்கள் சாகவில்லை, மொட்டை போட்ட தலையோடு ஆபீசுக்கு வந்தார்கள், அவ்வளவுதான்.

காலம் முழுக்கத் தப்பான நாளுக்குக் காவல் இருந்திருக்கிறேன். அந்த ரெண்டு தடவையும் அவரை நான் காப்பாற்றவில்லை. அவராகவே எப்படியோ பிழைத்துக்கொண்டார், பிழைத்த ஆளை நான் கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது தடவை, அவர் உடம்பே அவருக்குச் சொல்லி, பையை எடுத்து வைத்துக்கொண்டு அவர் வாய்விட்டுக் கேட்டபோது, டைம் இருக்கிறது என்று சொன்னேன். இதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்லி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கையிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ இன்னாக்கா பண்ணுவே, மாமா விதி அவ்ளோதான்" என்றாள். எழுந்து கத்தினேன். "விதின்னு சொல்லாத! குப்பைய எரிச்சவன் விதியா? நான் குடுத்த நாளு விதியா?" அவள் புருஷன் வெளியே எழுந்து போய்விட்டான். தங்கை அழுதாள். அவள் அழுவதைப் பார்த்துக்கூட எனக்கு இரக்கம் வரவில்லை, அவ்வளவு வறண்டு போயிருந்தேன்.

இறந்த தேதிப்படி அடுக்கிய பட்டியலை எடுத்து ஆய்வாளர் சாரிடம் நீட்டினேன். கெட்ட மனுஷர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஒரு ஊர்ப் பட்டியலை வச்சு இதான்னு சொல்ல முடியாதும்மா. குளிருக்கும் சாவாங்க" என்றார். கோடைக்கு என்ன சொல்கிறீர்கள் என்றேன். பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, காரணம் என்ற இடத்தில் புகை என்று போட யாருக்கும் அதிகாரம் இல்லை, மேலே அனுப்பி வைக்கிறேன் என்றார். அனுப்பினார் என்றுதான் நினைக்கிறேன். பதில் வரவில்லை. அவருடைய அம்மாவுக்கும் இழுப்பு உண்டு. அன்று சாயங்காலம் அவர் எத்தனை டெத்து என்று கேட்காமலே கிளம்பிப் போனார்.

மாசியில் குப்பை மேடு மறுபடி பற்றியது. விடியற்காலை நாற்றத்தில் விழித்துக்கொண்டேன். இந்தத் தடவை எனக்கு நாள் தெரியும். முகம்கூடக் கழுவாமல் தெருவில் இறங்கி, இழுப்பு உள்ளவர்கள் இருக்கிற வீடாகப் பார்த்துக் கதவைத் தட்டினேன். இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள், இன்றைக்கே, இப்பவே என்றேன். முதல் வீட்டில், பாவம், புருஷன் போனதிலிருந்து இப்படி ஆகிவிட்டது என்று என் காதுபடவே சொன்னார்கள். ரெண்டாவது வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு மருமகள், மாமனாரின் முதுகைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்க மேடம் போறது? எங்களுக்கு இன்னா கடலோரத்துல தங்கச்சி கீதா?"

என் தங்கை வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கி, பார்த்துவிட்டு, ஜன்னல் மேல் வைத்தாள். இன்ஹேலர் இருக்கிறதா என்று கேட்டேன். தீர்ந்துவிட்டது, சம்பளம் வரட்டும் என்றாள். அடுத்த தெரு மருந்துக் கடைக்கு ஓடினேன், கடை திறக்கவில்லை. அதன் வாசலில் நின்று ஷட்டரைக் கையால் அடித்துக்கொண்டே இருந்தேன். கடைக்காரர் ஒன்பதரைக்கு வந்தார். வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஆபீஸ் போனேன்.

அன்றைக்கும் மறுநாளும் ஜன்னலுக்கு வெளியே சாலை தெரியவில்லை. மூன்றாம் நாள், புதன்கிழமை. காலையிலிருந்து கவுன்ட்டர் பக்கம் ஒரு ஆள் வரவில்லை. வரிசைக்குப் போட்ட பெஞ்சில் நாய் ஏறிப் படுத்திருந்தது. மூன்று மணிக்கு அறையைப் பெருக்க வந்த அம்மா, வெறும் பெஞ்சைப் பார்த்துவிட்டு என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். "இன்னிக்கு ஒரு சாவுகூட இல்லபோல கீது மேடம். நல்லா கீறாங்க எல்லாரும். நீங்க நேரத்தோட வூட்டுக்குப் போங்க."

நான் எழுந்திருக்கவில்லை. தெருத் தெருவாக எத்தனை வீட்டில் இந்நேரம் வாசலில் பந்தல் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் என்னிடம் வர இன்னும் பதினாறு நாள் ஆகும்.